சிவப்பு விளக்குக்கு முன்னால் ஒரு முதுகு

ஏரிக்கரை ஊரான ஹோன்கவேசியில் ரெய்னோ தன்ஸ்கனெனைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், காலையில் காகித மில் வாசலில் நின்று சைக்கிளில் வருகிறவர்களை எண்ணினால் போதும். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அரசாங்க அதிகாரி அவர்தான். சிரிப்பு என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றால்கூடப் பேனாவைத் திறந்துவிடுவார். மில் மேலாளரின் மனைவியை இரண்டு முறை, பாதிரியாரை ஒரு முறை திருப்பி அனுப்பிய மனிதர். அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. கோடு என்றால் கோடு, அவ்வளவுதான்.

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஊர் ஐஸ் ஹாக்கி அணி அவரை கோல் நடுவராகப் பிடித்துப் போட்டது. கோலுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, ஒரு முக்காலி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். ரப்பர் வட்டு கோல் கோட்டை முழுக்கத் தாண்டினால் பொத்தானை அழுத்த வேண்டும், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். கோட்டை நூலளவு தொட்டுக்கொண்டிருந்தாலும் அழுத்தக் கூடாது. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. ரெய்னோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை என்று அவர் மனைவி சில்வி சொல்வாள்.

பதினேழு வருடம் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினேழு வருடமும் அவருக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு மனிதனின் முதுகு.

முதலில் அரங்கமும் இல்லை, விளக்கும் இல்லை. அறுபத்தொன்றாம் வருடம், ஏரிக்கரையில் திறந்தவெளிப் பனித்தளம். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ரெய்னோ பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். கோல் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும், அதுதான் அன்றைய விளக்கு. வழக்கமான கோல்கீப்பர் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக, மில்லில் காகித உருளைகளுக்கு உறை சுற்றுகிற பத்தொன்பது வயசு அவுலிஸ் ஹுவேரினெனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகமூடி எல்லாம் அப்போது யாரிடமும் கிடையாது. காதை மூட ஒரு கம்பளித் தொப்பி, காலில் பழைய தோல் பேடு, கையில் அகலமான மட்டை.

அவனுடைய கால் நடுங்கியதை ரெய்னோ பார்த்தார். குளிரால் அல்ல. குளிரில் நடுங்கினால் உடம்பு முழுக்க நடுங்கும். இவனுக்கு வலது குதிகால் மட்டும் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், ஒரு பத்துக் கோல் வாங்கப் போகிறான் என்று ரெய்னோ நினைத்தார். வட்டு அந்தக் குளிரில் கருங்கல்லாக இறுகியிருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் இருபதடி தூரத்திலிருந்து அதை ஓங்கி அடித்தான். குதிகால் சட்டென்று நின்றது. முதுகு ஒரு அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. பயந்தவன் பின்னால்தான் சாய்வான், அது எலும்பிலேயே எழுதியிருக்கிறது. இந்தப் பையனின் முதுகோ வட்டை நோக்கி ஒரு அடி முன்னால் போனது. மார்பில் அடி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நொடி குதிகால் மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

அன்றைக்கு நாற்பத்தொரு முறை அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் நடுக்கம், நிற்றல், ஒரு அடி முன்னால். நடுவில் ஒரு வட்டு கன்னத்தைக் கிழித்தது. மாற்று ஆள் இல்லாததால் ஆட்டத்தை நிறுத்திவைத்து, உடை மாற்றும் குடிசையில் ஆறு தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவன் வந்து தன் இடத்தில் நின்று, வழுக்காமல் இருப்பதற்காகக் கோலுக்கு முன்னால் பனியைக் காலால் தேய்த்தான். மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. பிறகு திரும்பி, மரப்பெட்டி மேல் நின்ற ரெய்னோவை நேராகப் பார்த்து, நெற்றியை ஒரு முறை தொட்டான். ரெய்னோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஆட்டத்தில் ஊர் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. வீட்டுக்கு வந்ததும் ரெய்னோ உறைந்த பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். இன்றைக்கு ஒருத்தனைப் பார்த்தேன் என்றார். எப்படிப்பட்டவன் என்று சில்வி கேட்டாள்.

"பயந்துக்கிட்டே நகராம நிக்கிறவன்" என்றார் ரெய்னோ.

இதற்குமேல் அவர் யாரையும் புகழ்ந்து சில்வி கேட்டதில்லை. கல்யாணத்தன்று அவளைப் பற்றியே இதைவிடக் குறைவாகத்தான் சொன்னார்.

வருடங்கள் போயின. அரங்கம் கட்டினார்கள், கண்ணாடி வைத்தார்கள், விளக்கு வந்தது. அவுலிஸுக்கு முதலில் வெள்ளை முகமூடி, பிறகு கம்பி வைத்த தலைக்கவசம். ஊர் அவனை முன்னாலிருந்துதான் பார்த்தது. கல் நெஞ்சுக்காரன், ரத்தத்துக்குப் பதில் ஏரித் தண்ணீர் ஓடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். பின்னாலிருந்து பார்த்த ஒரே ஆளுக்குத்தான் உண்மை தெரியும். அந்தக் குதிகால் பதினேழு வருடமும் நடுங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு அடிக்கு முன்னாலும். பயமே இல்லாதவன் தைரியமாக நிற்பதில் என்ன இருக்கிறது? இத்தனை பயத்தையும் தினம் தினம் சுமந்துகொண்டு வந்து, அதே இடத்தில் நின்று, ஒரு அடி முன்னால் வைக்கிறானே, அதை நினைத்தால் ரெய்னோவுக்கு மயிர்க்கூச்செறியும். தேவாலயத்தில்கூட அவருக்கு அப்படி ஆனதில்லை.

ஒரு முறை மூன்று பேர் தனியாக அவனை நோக்கி வந்தார்கள். வட்டு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மூன்று கை மாறியது. கடைசியில் அடித்தவனுக்கு முன்னால் முழுக்கத் திறந்த கோல். அவன் மட்டையைத் தூக்கிக் கொண்டாடவே ஆரம்பித்துவிட்டான். ரெய்னோவின் விரல் பொத்தான் மேல் போய்விட்டது. அவுலிஸ் விழுந்துகொண்டே கையுறையைப் பின்னுக்கு வீசினான், பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. வட்டு கோட்டுக்கு மேலேயே, காற்றிலேயே கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அரங்கத்தின் கூரை அதிர்ந்தது. ரெய்னோ பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். இதைப் பார்க்கத்தான் பிறந்தேன் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கமும் வந்தது.

ஹெல்சிங்கியிலிருந்து பெரிய அணிக்காரர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டார்கள். அவுலிஸ் போகவில்லை. ஏரியை விட்டுவிட்டு எங்கே போவது என்றான். ஆனால் அவனுக்கும் ஒரு ஆசை இருந்தது, ஊருக்கே இருந்த ஆசைதான் அது. ஹோன்கவேசி அணி மேல் பிரிவுக்குப் போக வேண்டும். நான்கு முறை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார்கள்.

ஆட்டத்தில் ரெய்னோ பக்கத்துக் கோலுக்கு வரும் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அந்தச் சடங்கு மட்டும் மாறவேயில்லை. இடது கம்பம், வலது கம்பம், திரும்பிப் பார்வை, நெற்றியில் ஒரு தொடல். ரெய்னோ தலையாட்டுவார். இதைத் தவிர இருவரும் பனித்தளத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ரெய்னோவுக்குப் பதினேழு வருடமாக ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

பேசிக்கொண்ட இடம் ஒன்று உண்டு, அது வேறு கதை. அவுலிஸ் மூன்று முறை வண்டி ஓட்டும் தேர்வுக்கு வந்தான், மூன்று முறையும் ரெய்னோ அவனைத் தோற்கடித்தார். முதல் முறை எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தது. எவனாக இருந்தாலும் ஒதுங்குவான். அவுலிஸ் லாரியை நோக்கி வண்டியைத் திருப்பினான். ரெய்னோ ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துத்தான் உயிர் தப்பினார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, வருவதை நோக்கி முன்னால் போனால்தான் அதற்கு இடம் குறையும், பழக்கம் என்றான். இரண்டாம் முறை எங்கிருந்தோ ஒரு பந்து சாலையில் உருண்டு வந்தது. இவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். பிடித்தும்விட்டான், அது வேறு விஷயம். மூன்றாம் முறை நாற்சந்தியில் இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் வண்டியைக் கிளப்பவேயில்லை. மூன்று முறையும் ரெய்னோ கண்ணில் தண்ணீர் வராத குறையாகத்தான் "தோல்வி" என்று எழுதினார். அவுலிஸும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

இப்படியாக எழுபத்தெட்டாம் வருடம் மார்ச் மாதம் வந்தது. அவுலிஸுக்கு முப்பத்தாறு வயசு, முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதுதான் கடைசி வருடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், சொந்த அரங்கத்தில், துறைமுக ஊர் அணியோடு. சமனில் முடிந்தாலே போதும், ஹோன்கவேசி மேல் பிரிவுக்குப் போய்விடும். மில்லில் மாலை ஷிப்டை நிறுத்தினார்கள். அது போர்க்காலத்தில்கூட நடக்காத காரியம்.

மூன்றாவது பகுதியில் அவுலிஸ் ரெய்னோவின் பக்கத்துக் கோலுக்கு வந்தான். ஒன்றுக்கு ஒன்று. இடது கம்பம், வலது கம்பம், நெற்றி. ரெய்னோ தலையாட்டினார். இனிமேல் இதைப் பார்க்கக் கிடைக்காது.

அந்த இருபது நிமிடத்தை ரெய்னோவால் இன்றுவரை முழுதாகச் சொல்ல முடியாது. துறைமுகத்துக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். போன முழங்கால்களோடு அவன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். தோளால் தடுத்தான், தொடையால் தடுத்தான், ஒரு முறை தலைக்கவசத்தால் தடுத்தான். ஒவ்வொரு முறையும் குதிகால் நடுங்கி நின்றது, ஒவ்வொரு முறையும் அந்த ஒரு அடி. அவன் தேய்த்துத் தேய்த்துக் கோலைச் சுற்றிலும் பனித்தூள் குவிந்துவிட்டது. கோல் கோட்டின் மேலேயே விரல் தடிமனுக்கு வெள்ளையாக மூடிக் கிடந்தது. ரெய்னோ அதைக் கவனித்தார், கவலையும் பட்டார். ஆனால் கோட்டைத் துடைக்கச் சொல்வது கோல் நடுவரின் வேலை அல்ல.

நாற்பது நொடி பாக்கி. கோலுக்கு முன்னால் ஒரு தள்ளுமுள்ளு, ஆறேழு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவுலிஸ் கோட்டோரமாகக் குறுக்கே, கால் மடங்கிக் குப்புற, அவன் மேல் இரண்டு பேர். விசில் ஒலித்தது. வட்டு எங்கே?

ரெய்னோ பார்த்தார். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது அவுலிஸின் வலது காலுக்குப் பின்னால், அந்தக் குதிகாலுக்குப் பக்கத்திலேயே, பனித்தூளில் பாதி புதைந்து நின்றுகொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்களுக்குக் கால் பேடு மறைத்தது. துறைமுகத்துக்காரர்கள் கோல் என்று மட்டைகளைத் தூக்கினார்கள், ஹோன்கவேசிக்காரர்கள் கோல் இல்லை என்று அவர்கள் சட்டையைப் பிடித்தார்கள். ஆட்ட நடுவர் அவர்களைப் பிரித்துவிடவே திணறிக்கொண்டிருந்தார். ரெய்னோவின் விரல் பொத்தான் மேல். கோடு தெரியவில்லை. வட்டு கோட்டின் மேல் இருக்கிறதா, தாண்டிவிட்டதா? கோட்டையே காணோமே! தெரியாததற்கு விளக்கை எரிக்க முடியாது. தெரியாது என்று சும்மா இருந்தால் ஊர் மேல் பிரிவுக்குப் போகும், அவுலிஸின் பதினேழு வருட ஆசை பலிக்கும். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம். சட்டப்படியும் அதுதான் சரி.

அப்போது அவுலிஸ் தலையை மட்டும் திருப்பினான். கம்பிகளுக்குப் பின்னாலிருந்து கண்கள் ரெய்னோவைப் பார்த்தன. விரல் பொத்தான் மேல் நிற்பதைப் பார்த்தன, அழுத்தாததையும் பார்த்தன. இரண்டு பேர் எடைக்கு அடியிலிருந்து இடது கையை உருவினான். கையுறை கழன்றது. வெறும் கையால், காலைக் கொஞ்சமும் அசைக்காமல், கம்பத்திலிருந்து ஆரம்பித்துக் கோட்டின் மேலிருந்த பனியை வழித்துக்கொண்டே வந்தான். மேஜையில் சிந்திய மாவை வழிப்பதுபோல, நிதானமாக. வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் கோடு வெளியே வந்தது. வட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது.

கோட்டுக்கும் வட்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலத்துக்கு வெள்ளை.

அவன் தனக்கு எதிராகவே கோட்டைக் காட்டுகிறான், ஊருக்கு எதிராக, பதினேழு வருடத்துக்கு எதிராக. ரெய்னோ அந்தக் குதிகாலைப் பார்த்தார். அடி எதுவும் வராத நேரத்தில் அது நடுங்காமல் இருந்தது அதுவே முதல் முறை.

அவர் பொத்தானை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. மூவாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் காபித் தம்ளர் ஒன்று உருண்ட சத்தம் கேட்டது. பிறகு வந்த நாற்பது நொடியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. துறைமுக ஊர் மேலே போனது.

ஊர் கொதித்தது. எல்லோர் கண்ணும் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் மேல் இருந்ததால், அவுலிஸ் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான். விசில் ஊதி முழுசாகப் பத்துப் பதினைந்து நொடி கழித்து விளக்கு எரிந்தது. கோல் என்றால் உடனே எரிய வேண்டாமா? யோசித்து யோசித்து எரிக்க அது என்ன அடுப்பா? தன்ஸ்கனென் விலை போய்விட்டார் என்றார்கள், கண் போய்விட்டது என்றார்கள், எதிரணிக்காரன் கத்தியதும் பயந்துவிட்டார் என்றார்கள். மறுநாள் கடையில் பால் வாங்கப் போனபோது மில் காவல்காரன் தோய்வோ, அவனும் இரண்டு முறை தேர்வில் தோற்றவன், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"எங்களுக்கு லைசன்ஸ்தான் தரல. மேல் பிரிவையும் நீதான் நிறுத்தணுமாய்யா?"

கடையே சிரித்தது. ரெய்னோ பாலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த வாரமே யாரோ அவர் வீட்டு வாசற்படியில் குறுக்கே சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். அணி நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருட சேவைக்கு நன்றி, அடுத்த வருடம் தாங்கள் சிரமப்பட வேண்டாம் என்று. முக்காலி போய்விட்டது. அதை மட்டும்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடிதத்தை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆக்கினார்.

சில்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"விளக்கு ஏன் லேட்டா எரிஞ்சுது ரெய்னோ?"

"கோடு தெரியல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

ரெய்னோ ஆறிப்போன காபியை ஊதி ஊதிக் குடித்தார். சில்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதன் எதையோ விழுங்கி வைத்திருக்கிறான், சாகும்வரை கக்க மாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மே மாதம் ஏரியில் பனி உடைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தேர்வுப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஹுவேரினென், அவுலிஸ். நான்காவது முறை. அன்று சாயங்காலம் மில் கேண்டீனில் அவனுக்குப் பிரிவு விழா. மனைவியை உட்காரவைத்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று ஆசை, அதனால்தான் இன்றைக்கே நாள் கேட்டேன் என்றான். ரெய்னோ வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்யச் சொன்னார்.

நன்றாகவே ஓட்டினான். லாரி வந்தது, ஒதுங்கினான். நாற்சந்தியில் நேரத்துக்குக் கிளம்பினான். ரெய்னோவுக்கு உள்ளுக்குள் நம்பிக்கை துளிர்த்தது. மில் சாலையில் திரும்பியதும் அவுலிஸ் வாயைத் திறந்தான்.

"நான் துடைச்சதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கோலா இல்லையான்னுதான் கேட்டாங்க. யார் துடைச்சதுன்னு எவனும் கேக்கல."

"உங்க படியில பெயின்ட் அடிச்சிருக்கானுங்க."

"சொன்னா உங்க படியில அடிப்பாங்க. அடுத்த இடதுல திரும்புங்க."

அவுலிஸ் திரும்பினான். ரெய்னோ மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, தேர்வில் கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டார். காது மடல் சிவந்துபோனது.

"எப்பவும் திரும்பி என்னைப் பார்ப்பீங்களே. எதுக்கு?"

அவுலிஸ் சாலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"முன்னாடி இருக்கிறவங்க நம்ம ஊர்க்காரங்க. நான் என்ன பண்ணாலும் கை தட்டுவாங்க. பின்னாடி நீங்க இருக்கீங்க. உள்ள போயிருந்தா கண்டிப்பா எரிச்சிருப்பீங்க. எரியலன்னா நான் நெஜமாவே தடுத்திருக்கேன்னு அர்த்தம். அந்த ஆள் உக்காந்திருக்காரான்னு பார்த்துக்குவேன், அவ்வளவுதான். பார்த்தா நடுக்கம் கொஞ்சம் குறையும்."

ரெய்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு அது எரியாமப் போயிருந்தா, அதுக்கு முன்னாடி எரியாத அத்தனையும் எனக்கே சந்தேகமாயிருக்கும்" என்றான் அவுலிஸ்.

சொல்லி முடிப்பதற்குள் ‘நில்’ பலகை வந்துவிட்டது. அவுலிஸ் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. ரெய்னோ கதவைத் திறந்து கீழே பார்த்தார். வெள்ளைக் கோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தார்.

அவர் கதவைச் சாத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். இந்த மனிதனுக்கு அவர் என்ன வேண்டுமானாலும் கொடுப்பார், இந்த ஒன்றைத் தவிர. அவுலிஸும் தன் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு சீட்டில் சாய்ந்து, பதினேழு வருடத்தில் ரெய்னோ கேட்டேயிராத ஒரு சிரிப்புச் சிரித்தான், வயிறு குலுங்க.

"எரிச்சிடுங்க" என்றான்.

ரெய்னோ பேனாவைத் திறந்தார்.

சாயங்காலம் அவுலிஸ் சைக்கிளில்தான் வந்தான், பின்னால் கேரியரில் மனைவி, புதுப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. கேண்டீனில் நிற்க இடமில்லை. சில்வி பிடிவாதமாக இழுத்து வந்ததால் ரெய்னோவும் கடைசிச் சுவரோரம் நின்றார். அவரைச் சுற்றி மட்டும் இரண்டு நாற்காலி தூரத்துக்கு இடம் காலியாக இருந்தது. சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், பேசச் சொன்னார்கள். பேச்சென்றாலே அவுலிஸுக்கு ஆகாது. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். பேச்சை எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இது இன்னைக்கு மத்தியானம் தன்ஸ்கனென் கொடுத்தது. நாலாவது தடவையா ஃபெயில். கோட்டைத் தாண்டிட்டேன், ஒரு கை அகலம். மார்ச்லயும் தாண்டுச்சு, ஒரு தீக்குச்சி அகலம். அவருக்குக் கோடு தெரியல, பனி மூடியிருந்துச்சு. நான்தான் கையால துடைச்சுக் காட்டினேன். நான் துடைக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். அதான் விளக்கு லேட்டு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

காபிப் பானை மட்டும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவுலிஸின் வலது குதிகால் அடித்துக்கொள்வது மேசை விரிப்புக்குக் கீழே தெரிந்தது. அன்றைக்குத்தான் ஊர் முதல் முறையாக அதைப் பார்த்தது. இத்தனை காலம் கல் நெஞ்சுக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் காலையே பார்த்தார்கள். அவுலிஸ் தலையைத் தூக்கிக் கூட்டத்துக்கு மேலாகக் கடைசிச் சுவரைத் தேடினான். கண்டுபிடித்ததும், அந்தத் தோல்விச் சீட்டாலேயே நெற்றியை ஒரு முறை தொட்டான்.

ரெய்னோ தலையாட்டினார். சில்வி அவர் முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையை நீட்டினாள்.

மறுநாள் காலையில் வாசலில் தேய்க்கிற சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார். தோய்வோவும் இன்னும் மூன்று பேரும் வாளியும் பிரஷுமாகக் குனிந்து படியிலிருந்த சிவப்புப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வேலியில் நான்கு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரெய்னோ உள்ளே போய் நான்கு கோப்பை காபியோடு வந்து, வைத்துவிட்டுப் படியைக் கவனமாகப் பார்த்தார்.

"இடது ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார்.